பூட்டு விழுந்த ஓசை: ஒரு வானொலித் துப்பறியும் நாடகத்தின் ஒலிநாடாவைச் சீராக்கியபோது நேர்ந்த பிழை

1950களில் ஒலிபரப்பான ஒரு துப்பறியும் நாடகத்தை வீட்டில் பதிவு செய்திருந்த 3 ஒலிநாடாக்கள் எங்கள் சிறு தன்னார்வக் குழுவிடம் வந்தது முதல், அவற்றின் நகல் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பு என்னுடையது. சம்பந்தப்பட்ட எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. இனிமேல் கேட்கப்போகிறவர்களின் சுவை கெடாதிருக்கக் கதையின் தலைப்பையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க வானொலியில் தனியார் துப்பறிவாளர்களின் காலம் தொடங்கியது. சாம் ஸ்பேட், பிலிப் மார்லோ, ரிச்சர்ட் டயமண்ட் என்று வாரந்தோறும் பலர் குற்றவாளிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி வந்து அவர்களில் பெரும்பாலோரை ஓய்வுக்கு அனுப்பிய பிறகும் நிலைத்து நின்ற தொடர் 'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்'. 1949இல் சி.பி.எஸ். வானொலியில் தொடங்கிய அந்தத் தொடர் 1962 செப்டம்பர் 30 அன்று முடிந்தபோது, அமெரிக்க வானொலி நாடகத்தின் பொற்காலமே அன்றுதான் முடிந்தது என்று அதன் அன்பர்கள் இன்றும் சொல்வார்கள்.

கதாநாயகர் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தைச் சேர்ந்தவர். காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் துப்பறிகிறவர். அவர் தம்மை அமர்த்திய நிறுவனத்துக்கு அனுப்பும் செலவுக் கணக்காகவே ஒவ்வொரு கதையும் சொல்லப்படும். முதல் இனம் விமானக் கட்டணம், இரண்டாம் இனம் வாடகைக் கார், மூன்றாம் இனம் ஒருவரைப் பேசவைக்க வாங்கிக்கொடுத்த சாப்பாடு என்று எண்ணிட்டுச் சொல்லிக்கொண்டே போவார். கடைசியில் கூட்டுத்தொகையைச் சொல்லிக் கையெழுத்திடுவார். இந்த எண்கள் எங்களுக்குப் பின்னால் பெரிதும் உதவின.

ஓராண்டு இடைவெளிக்குப் பின் 1955 அக்டோபர் 3 அன்று தொடர் திரும்பியபோது அதன் வடிவம் மாறியிருந்தது. ஜாக் ஜான்ஸ்டன் தயாரித்து இயக்க, பாப் பெய்லி நாயகராக நடிக்க, ஒரு கதை திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 15 நிமிடமாக 5 பாகங்களில் ஒலிபரப்பானது. 1956 நவம்பர் தொடக்கம் வரை இந்த ஏற்பாடு நீடித்தது. தொடரின் மிகச் சிறந்த காலம் இதுவே என்பது என் கருத்து. ஒரு வாரம் முழுவதும் ஒரே கதைக்குக் கிடைத்ததால், சாட்சி சொல்ல வந்தவர் தயங்குவதற்கும், ஓர் அறையின் அமைதி நீள்வதற்கும் அப்போதுதான் இடம் இருந்தது.

அந்த அமைதிகளை ஆண்டவர்கள் ஒலி விளைவுக் கலைஞர்கள். சரளைக் கல் நிரப்பிய பெட்டியில் நடப்பார்கள். சட்டத்தில் பொருத்திய நிஜக் கதவை, நிஜப் பூட்டுடன், ஒலிவாங்கிக்கு முன்னால் உருட்டிக்கொண்டு வந்து திறந்து மூடுவார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாத கலையில் கைரேகையும் காலடித் தடமும் ஓசையாகத்தான் வரமுடியும்.

நாடாக்கள் வந்த நிலை

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எழுபதைக் கடந்த ஓர் அம்மையார் தம் தந்தை பதிவு செய்திருந்த 3 சிறு ரீல்களை எங்களிடம் கொடுத்தார். நம் ஊரில் ஸ்பூல் என்போமே, அதுதான். 5 அங்குல விட்டம். ஒரு பெட்டியின் மேல் பென்சிலில் தொடரின் பெயரும் '1956' என்ற எண்ணும் இருந்தன. முதல் ரீலில் '1–2', இரண்டாவதில் '3–4', மூன்றாவதில் '5' என்று எழுதியிருந்தது. ரீலின் பக்கத்துக்கு ஒரு பாகம் என்ற கணக்கு இது. 600 அடி நாடா விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் 16 நிமிடம் ஓடும் என்பதால் 15 நிமிட நாடகத்துக்கு அது சரியாகப் பொருந்தியிருக்கிறது. பதிவு செய்தவர் தொடக்க அறிவிப்பையும் முடிவு அறிவிப்பையும் விட்டுவிட்டு நாடகத்தை மட்டும் பிடித்திருந்தார். வானொலிப் பெட்டியின் எதிரே ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்ததால் இடையிடையே வீட்டுச் சத்தங்களும் விழுந்திருந்தன.

ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது சுருளின் ஊடாக மங்கலாக ஒளி தெரிந்தது. நாடா அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் தளத்தால் ஆனது என்பதற்கு அது அடையாளம். பாலியெஸ்டர் சுருள் ஒளியை விடாது. அசிடேட் சிதையும்போது எழும் காடி நாற்றம் சற்றே இருந்தது. ஓரங்கள் லேசாகச் சுருண்டிருந்தன. குழுவில் ஒருவர் நாடாவைச் சூடேற்றிவிட்டு ஓட்டலாம் என்றார். 1970களுக்குப் பின் வந்த, பசை கசியும் பாலியெஸ்டர் நாடாக்களுக்கு உரிய சிகிச்சை அது. அசிடேட்டை அடுப்பில் வைத்தால் அது சுருங்கிப் பாழாகும். எனவே மறுத்தேன். பழைய ஒட்டுகள் காய்ந்து விட்டுப்போயிருந்த 2 இடங்களை மட்டும் புதிதாக ஒட்டி, கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு பக்கத்துக்கும் நாடாவைப் படிக்கும் ஒலித்தலையின் சாய்வைத் தனித்தனியே சரிசெய்து கணினிக்கு மாற்றினேன். இந்தக் கட்டத்தில் எடுத்த முடிவுகளில் மாற்ற வேண்டியது என்று எதுவும் இல்லை. பிழைகள் அடுத்த வாரம் தொடங்கின.

முதல் சுற்றில் எடுத்த முடிவுகள்

வேகம் சரியாக இருக்கிறதா என்பதை, பதிவில் கலந்திருக்கும் மின்சார ஹம்மை, அதாவது மின்சாரம் உண்டாக்கும் தாழ்ந்த ரீங்காரத்தை, வைத்துப் பார்ப்பது வழக்கம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 அதிர்வு. பதிவில் அந்த ஹம் 60இல் நின்றால் வேகம் சரி. விலகி நின்றால் அந்த விகிதத்தில் திருத்த வேண்டும். 5 பாகங்களிலும் 60 ஹெர்ட்ஸில் தெளிவான கோடு தெரிந்ததால், வேகம் சரி என்று குறித்துக்கொண்டேன். பின்னிரண்டு ரீல்களில் நாயகரின் குரல் இளமையாக ஒலிப்பதாகவும், வேறு நடிகராக இருக்குமோ என்றும் ஓர் உறுப்பினர் கேட்டார். இத்தொடரில் வெவ்வேறு காலங்களில் பலர் நடித்திருப்பதால் அவருடைய ஐயத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் 5 பாக வடிவக் கதைகளில் நடித்தவர் பெய்லி என்று பதில் சொல்லி, அந்தக் கேள்வியை அத்தோடு முடித்துவிட்டேன். குரல் ஏன் அப்படி ஒலிக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது சுத்தம் செய்தல். ஏ.எம். அலைவரிசை என்பதால் மின்னலும் அக்கம்பக்கத்து மோட்டார்களும் உண்டாக்கிய சொடக்குகள் நிறைய இருந்தன. சுத்தம் செய்யும் பொறுப்பிலிருந்த உறுப்பினர், சொடக்கு நீக்கும் மென்பொருளை 5 கோப்புகளின் மேலும் முழுமையாக ஓட்டினார். பின்னணி இரைச்சலையும் கணிசமாகக் குறைத்தார். கேட்க இதமாக இருந்தது. நானும் கேட்டு ஒப்புதல் கொடுத்தேன்; குழுவின் 9 பேருக்கும் அந்த நகலே போனது.

இரண்டாம் ரீலில் எந்தப் பக்கம் 3, எந்தப் பக்கம் 4 என்பதைப் பெட்டி சொல்லவில்லை. எங்களிடம் ஏற்கெனவே இருந்த, அன்பர்களிடையே கைமாறி வந்த தேய்ந்த நகல் ஒன்றின் கோப்புப் பெயர்களை நம்பி வரிசைப்படுத்தினோம். அந்த நகல், கடல்கடந்த ராணுவத்தினருக்காக விளம்பரங்களை நீக்கி ஒலித்தட்டுகளில் அனுப்பப்பட்ட பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

காணாமல் போன ஓசை

10 நாள் கழித்து, உரையாடல்களை எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருந்த உறுப்பினரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "ஐயா, கடைசிப் பாகத்தில் துப்பறிவாளர் ஒரு கதவைப் பற்றிப் பேசுகிறார். அவர் வெளியேறிய பிறகு உள்ளிருந்து பூட்டு விழுந்ததைக் கேட்டதாகவும், அதனால்தான் அறைக்குள் இன்னொருவர் இருந்தது தெரியும் என்றும் சொல்கிறார். முந்தைய பாகத்தில் அந்த இடத்தை மூன்று முறை கேட்டுவிட்டேன். கதவு மூடுகிறது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. எழுத்தாளர் பிழைவிட்டாரா, நாம் விட்டோமா?" என்று கேட்டிருந்தார்.

நான் மூலக் கோப்பைத் திறந்தேன். கதவு மூடிய அதிர்வு, அதன்பின் சுமார் ஒன்றரை விநாடி அமைதி, பிறகு மெல்லிய ஒரு 'டக்'. சீராக்கிய நகலில் அந்த 'டக்' இல்லை. அமைதியும் அமைதியாக இல்லை. இரைச்சல் குறைப்பில் அந்த அறையின் காற்றே உறிஞ்சப்பட்டு வெறுமையாகக் கிடந்தது. மென்பொருள் செய்தது அதன் இயல்பான வேலைதான். திடீரென்று எழுந்து சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் அடங்கும் எதையும் அது குறையாகக் கருதும். பூட்டு விழுவதும் தீக்குச்சி உரசுவதும் தொலைபேசியின் சுழல் தட்டு திரும்புவதும் அதற்கு மின்னலின் உறவினர்கள். துப்பறிவாளர் விளக்குவதற்கு ஒரு நாள் முன்னதாகவே கேட்பவர் குற்றவாளியை அறிந்துகொள்ள நாடகம் கொடுத்திருந்த ஒரே தடயத்தை நாங்கள் அழித்திருந்தோம்.

சுத்தம் செய்த உறுப்பினர் தம் செயலை விளக்கினார். அது அந்த வீட்டின் மின்விளக்குச் சுவிட்சாக இருக்கலாம், நாடகத்தில் உள்ளது என்பதற்கு ஆதாரம் என்ன என்பது அவர் வாதம். நேர்மையான கேள்வி அது. பின்பாகத்தின் வசனம் இருக்கிறதே என்று சொல்லிக் கடந்துவிட நான் விரும்பவில்லை; ஏனென்றால் வசனம் இல்லாத இடங்களிலும் இதே கேள்வி எழும்.

விசாரணை

முதலில், ஓசைகளின் சுருதியைக் கோடுகளாகக் காட்டும் அலைவெண் படத்தைப் பார்த்தோம். ஏ.எம். வானொலிப் பெட்டியின் வழியாக வந்த குரல்களும் இசையும் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தேய்ந்து மறைந்துவிடுகின்றன. அறையிலிருந்து நேரே ஒலிவாங்கியில் விழுந்த சத்தங்களுக்கு அந்தத் தடை கிடையாது. ஒரு தட்டின் கணகணப்பும் ஒரு குழந்தையின் இருமலும் 9,000 வரைகூட வெள்ளைக் கீற்றாக எழுந்து நின்றன. பூட்டின் 'டக்' 5,000க்குக் கீழேயே அடங்கியிருந்தது. ஆகவே அது வீட்டுச் சுவிட்சு அல்ல; வானொலிப் பெட்டியின் வழியாக வந்தது.

ஆனால் மின்னலும் பெட்டியின் வழியாகத்தான் வரும். எனவே தேய்ந்த நகலை எடுத்து அதே இடத்தைத் தேடினோம். இரைச்சலுக்கு அடியில், கதவு மூடியதற்குப் பின்னால், அதே 'டக்' இருந்தது. அது ஒலித்தட்டு வழியாக வந்த பதிப்பு. ஒரு வீட்டின் வானில் வெட்டிய மின்னல் அதில் ஏற வழியில்லை. இரண்டு வழிகளில் வந்த நகல்களிலும் ஒரே இடத்தில் நிற்கும் ஓசை, மூல நாடகத்தில் இருந்த ஓசை. ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கலைஞர் தம் கையால் திருப்பிய பூட்டு அது.

இந்த ஒப்பீடே இன்னொரு பிழையையும் வெளியே இழுத்துவந்தது. கதவுக்கும் பூட்டுக்கும் இடைப்பட்ட நேரம் இரு நகல்களிலும் ஒத்துப்போகவில்லை. எங்களுடையது சற்றுக் குறுகலாக இருந்தது. தேய்ந்த நகல்தான் மெதுவாக ஓடுகிறது என்று முதலில் எண்ணினேன். பிறகு, ஒரு சந்தேகத்தில், நாடாவை நிறுத்திவிட்டு இணைப்பை மட்டும் திறந்துவைத்து அளந்தேன். நாடா ஓடாதபோதும் அந்த 60 ஹெர்ட்ஸ் ஹம் ஒலித்தது. அது என் மேசையில் இருந்த கருவிகளின் ஹம். அதை 1956இன் ஹம் என்று நம்பியிருந்தேன். நில இணைப்பைச் சரிசெய்து மீண்டும் பார்த்தபோது, முதல் ரீலின் சொந்த ஹம் 60இலும், பின்னிரண்டு ரீல்களின் ஹம் 61.9இலும் இருந்தன. பதிவு செய்த கருவி வாரத்தின் நடுவில் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது எல்லாம் 3 விழுக்காடு வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் கேட்கிறது. 11 நிமிடம் 40 விநாடி என்று குறித்திருந்த பாகத்தின் உண்மையான நீளம் 12 நிமிடத்துக்குச் சற்று மேல். குரல் இளமையாக ஒலிக்கிறது என்று சொன்ன உறுப்பினரின் காது சரியாகவே கேட்டிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வரிசை விரைவில் தீர்ந்தது. எழுத்துப்பெயர்ப்பு உறுப்பினர் செலவுக் கணக்கின் எண்களைப் பட்டியலிட்டார். நாங்கள் மூன்றாம் பாகம் என்று பெயரிட்டிருந்த பக்கத்தில் முதலில் வருவது ஒன்பதாவது இனம். நான்காம் பாகம் என்றிருந்ததில் ஆறாவது. கைமாறி வந்த நகலின் கோப்புப் பெயர்களே தலைகீழாக இருந்திருக்கின்றன. துப்பறிவாளர் தம் நிறுவனத்துக்கு எழுதிய கணக்கு எங்களுக்கும் கணக்குக் காட்டிவிட்டது.

மறுசீராக்கம்

முந்தைய நகலைத் திரும்பப் பெற்று, கணினிக்கு மாற்றிய மூலத்திலிருந்தே மீண்டும் தொடங்கினோம். வேகத்தைத் திருத்திய பிறகு, சொடக்குகளை மென்பொருளிடம் விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டு நீக்குவது என்று தீர்மானித்தோம். இரு நகல்களிலும் உள்ளவை தொடப்படவில்லை. எங்கள் நாடாவில் மட்டும் இருந்து, நடிகர்களின் பேச்சை மறைத்தவை நீக்கப்பட்டன. இரைச்சல் குறைப்பு அறவே கைவிடப்பட்டது. 5 பாகங்களுக்கு 2 பேர் வார இறுதிகளில் வேலை செய்து ஏறத்தாழ 7 வாரம் ஆனது. முதல் சுற்றில் ஒரே மாலையில் முடிந்த வேலை அது.

வீட்டுச் சத்தங்களைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. நாடகத்தை மட்டுமே எண்ணினால் அவை இடையூறுதான். ஆனால் அந்த நாடாவில் இருப்பது நாடகம் மட்டுமல்ல. 1956இல் ஒரு குடும்பம் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததும் இருக்கிறது. முடிவைக் குடும்பத்திடமே விடுவது என்று அந்த அம்மையாருக்கு 2 நகல்களையும் போட்டுக்காட்டினோம். இருமல் வந்த இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அந்தக் குழந்தை அவர்தான். நான்காம் பாகத்தின் இறுதியில், ஒலிவாங்கியை அணைப்பதற்கு முன், "அந்த ஆள் உள்ளேயேதான் இருக்கிறானா அப்பா?" என்று ஒரு சிறு குரல் கேட்கிறது. நாங்கள் அதையும் இரைச்சலோடு சேர்த்து மங்கடித்திருந்தோம். பூட்டு விழுந்ததை, ஒலிபரப்பான அன்றே ஒரு சிறுமி சரியாகக் கேட்டுப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

பின்விளைவு

அம்மையாருக்கு எதையும் நீக்காத முழுப் பதிவும், ஆய்வுப் பயன்பாட்டுக்கான சீராக்கிய நகலும் வழங்கப்பட்டன. வீட்டுக் குரல்கள் குடும்பத்துக்கு உரியவை என்பதால் ஆய்வு நகலில் அவை இல்லை. எங்கே எவ்வளவு நேரம் நீக்கப்பட்டது என்ற குறிப்பு உண்டு. பொதுவெளியில் ஒலிக்கோப்பை வெளியிடவில்லை. 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகளையும் 2018இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் பாதுகாப்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பு இன்னும் பல பத்தாண்டுகளுக்கு நீடிக்கும். ரீல்கள் அமிலம் உறிஞ்சும் தாளோடு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில், மற்ற நாடாக்களிலிருந்து பிரித்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு நாடாவின் காடி ஆவி பக்கத்து நாடாவையும் கெடுக்கும்.

மாற்றிக்கொண்டவை

இப்போது நாடாவைக் கணினிக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால், நாடா ஓடாத நிலையில் ஒரு நிமிடம் பதிவு செய்து எங்கள் கருவிகளின் சொந்த ஹம்மை அறிந்துகொள்கிறோம். எழுத்துப்பெயர்ப்பு முடியும்வரை சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்குவதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம் இதுவே என்று நினைக்கிறேன்: கதையை முழுதாகக் கேட்காதவருக்கு எந்தச் சத்தம் கதைக்குரியது என்று தெரிய வழியில்லை. பெட்டியின் மேலுள்ள எழுத்தும் கோப்பின் பெயரும் ஒரு சாட்சியின் வாக்குமூலமாக மட்டுமே கொள்ளப்படுகின்றன. உள்ளே ஒலிப்பதோடு பொருந்திய பிறகே அவை பதிவேட்டில் ஏறும். குழுவில் ஒருவர் காதுக்கு ஒன்று உறுத்தினால், அதற்கு விடை எழுதப்படாமல் எந்தக் கோப்பும் முடிந்ததாகக் கருதப்படுவதில்லை.

முதல் சுற்றில் சீராக்கிய அந்த நகலை அழிக்கவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்காம் பாகத்தின் அந்தக் கதவை இரண்டு விதமாகவும் போட்டுக்காட்டி, என்ன வேறுபாடு என்று கேட்கிறோம். மூன்றாம் பாகத்தின் ஏழாம் நிமிடத்தில் அடுத்தடுத்து வரும் 2 சொடக்குகள் இருக்கின்றன. தேய்ந்த நகலில் அந்த இடம் சிதைந்துபோயிருப்பதால் ஒப்பிட வழியில்லை. ஆகவே அவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறோம்.